எண்ணெய்ப் பூச்சிக்குப் படையல்

பெங்களூரில் கடல் இல்லை. இதை யாராவது எங்கள் முதலாளியிடம் முதலிலேயே எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ தலைவலி மிச்சமாகியிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தகரக் கொட்டகையில், நாங்கள் கப்பலுக்கு இயந்திரம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கப்பலைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்திருந்தேன், மெரினாவில் நின்றபடி, கட்டைவிரல் அளவில்.

கப்பலின் அடிவயிற்றில், எஞ்சின் அறைக்கும் கீழே, எப்போதும் ஒரு தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். குழாய்களில் கசியும் கடல்நீர், எஞ்சினிலிருந்து ஒழுகும் டீசல், மசகு எண்ணெய், தரையைக் கழுவிய சோப்புத் தண்ணீர் எல்லாம் கலந்த கஷாயம் அது. அதை அப்படியே கடலில் கொட்டக் கூடாது என்பது சட்டம். பத்து லட்சம் பங்கு தண்ணீரில் பதினைந்து பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கருவிகள் கப்பல்களில் உண்டுதான். ஆனால் சோப்பு சேர்ந்துவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் பால்போல ஒன்றாகிவிடும், கருவி திணறும். அந்த எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை ஒரு தொட்டியில் வளர்த்து, தொட்டியைக் கப்பலிலேயே வைத்துவிட்டால் என்ன என்பது முதலாளியின் யோசனை. யோசனையில் ஒரு தப்பும் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். தப்பெல்லாம் மனிதர்களிடம்தான்.

முதலாளி வருடக்கணக்கில் கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்தவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் பரம்பரை வீடு. வேலையை விட்டு வந்து வெகுகாலமாகியும் அவர் இன்னும் கரை இறங்கவில்லை. இடது பக்கம் என்று சொல்ல மாட்டார், ‘போர்ட் சைட்’ என்பார். புதிதாகச் சேர்ந்த வெல்டர் ஒருவர் காலையெல்லாம் அந்த போர்டைத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளி எதற்கும் கோபப்பட மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. ஓர் இடம் என்றால் யாராவது ஒருவர் கோபப்பட வேண்டும் அல்லவா? அந்தப் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது.

நான் வாணியம்பாடிப் பக்கம். அங்கே ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்தேன். தினமும் சிவாஜிநகர் போய் பஸ் மாறி, சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று, பொம்மனஹள்ளி போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் கப்பல் அழுக்குத் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், “நம்ம வூட்ல ஒரு டாக்டர் இருக்காங்க தெரியுமா? சாக்கடைத் தண்ணி டாக்டர்” என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், “பாருங்க, நான் செய்யற தொட்டி ஒருநாள் கப்பல் ஏறும். அன்னிக்கு உங்க வாய என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்” என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் தொட்டி கப்பல் ஏறியே ஆக வேண்டியதாயிற்று.

கடல் இல்லாத ஊரில் கப்பல் தண்ணீருக்கு எங்கே போவது? சென்னைத் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக லாரியில் வரவழைத்தோம். ஒருமுறை ஓசூர் தாண்டியதும் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திவிட்டார்கள். நான் ஓடினேன். அங்கிருந்த அதிகாரி ஒரு பீப்பாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது?”

“அழுக்குத் தண்ணி சார்.”

“எங்கேந்து வருது?”

“மெட்ராஸ்லேந்து சார்.”

“மெட்ராஸ்லேந்து அழுக்குத் தண்ணியா? ஏன், நம்ம பெங்களூர்ல இருக்கறது சாலதா?” என்று பாதிக் கன்னடத்தில் கேட்டுவிட்டு, போதவில்லையா என்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் கடல், கப்பல், சட்டம் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் நீள நீள அவர் முகத்தில் சந்தேகம் கூடியது. கடைசியில் லாரி டிரைவர் முன்னால் வந்து, “சார், இவங்க பைத்தியம் இல்ல சார், படிச்சவங்க” என்றார். அதன் பிறகுதான் விட்டார்கள்.

பீப்பாய் தீர்ந்த நாட்களில் நாங்களே கடல் தயாரித்தோம். கல் உப்பு மூட்டை மூட்டையாக வாங்குவேன். மளிகைக்கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம், “மேடம், ஊறுகா பிசினஸ் நல்லா போகுதா?” என்பார். ஒருநாள் எரிச்சலில், ஊறுகாய் இல்லை, கப்பலுக்கு என்றேன். அன்று மூட்டையை அவரே தூக்கி ஆட்டோவில் வைத்தார். பார்வையில் அவ்வளவு இரக்கம்.

பாக்டீரியாவை ஓசூர் ரோட்டு லாரி கராஜ்களின் எண்ணெய்ச் சேற்றிலிருந்து எடுத்தேன். வருடக்கணக்கில் டீசலையே தின்று பழகிய ஜாதி. உப்புத் தண்ணீருக்கு அவற்றை மெல்ல மெல்லப் பழக்கினேன். யூரியாவும் கொஞ்சம் பாஸ்பேட்டும் அளந்து போட்டு, இரவும் பகலும் புளோயர் வைத்துக் காற்று ஊதி, தொட்டிக்குள் கிடந்த பிளாஸ்டிக் வளையங்களின் மேல் அவை வழவழவென்று பாசிபோல ஒட்டி வளர்வதற்கு எட்டு மாதம் பிடித்தது. கரண்ட் போய் புளோயர் நின்றால், அவற்றோடு சேர்ந்து எனக்கும் மூச்சு முட்டும். ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் உட்காருவேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன் என்று என் கணவர் சொல்லிக் காட்டுவார். சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தேன்.

தொட்டியை அடித்தவர் எங்கள் மேஸ்திரி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பொம்மனஹள்ளியிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். வெல்டிங்கில் கெட்டிக்காரர், வாய் அதைவிடக் கெட்டி. தொட்டி வேலை தொடங்கிய அன்றே, “மேடம், இந்த பாக்டீரியா பாக்டீரியான்றீங்களே, அப்டின்னா என்ன?” என்று கேட்டார். நான் அவசரத்தில், “பூச்சி மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயத் தின்னும்” என்றேன்.

‘மாதிரி’ என்றும்தான் சொன்னேன். அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. பூச்சி என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கன்னடக்காரர்களுக்கு அது ஹுளா ஆயிற்று. பூச்சித் தொட்டி, பூச்சி உரம், கடைசியில் நான் பூச்சி மேடம். பூச்சி என்றான பிறகு அதற்கு வாய் வந்தது, வயிறு வந்தது, பசியும் வந்துவிட்டது. தினமும் காலையில் வந்ததும் மேஸ்திரி தொட்டியைப் பார்த்து, “ஊட்டா ஆய்த்தா?” என்று, சாப்பாடு ஆயிற்றா என்று, கன்னடத்தில் விசாரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“வெறும் டீசலத் துன்னு எப்டி மேடம் உயிர் வாழும்? பாவம்” என்பார்.

“மேஸ்திரி, அதுங்களுக்கு அதான் சோறு.”

“சரி மேடம். இருந்தாலும்...” என்று இழுப்பார். அந்த ‘இருந்தாலும்’தான் எங்களைக் கவிழ்த்தது.

சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியின் சூப்பரின்டெண்டென்ட், அதாவது அவர்களுடைய கப்பல்களில் எந்த இயந்திரம் ஏறலாம் என்று முடிவு செய்கிறவர், நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். தொட்டி நன்றாக வேலை செய்தால் ஒரு கப்பலில் வைத்துப் பார்க்கலாம் என்றார். முதலாளி அன்று கொட்டகையில் விசிலடித்துக்கொண்டு நடந்தார். தேதிதான் சரியில்லை. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்த மறுநாள்.

“வேற தேதி கேளுங்க சார்” என்றேன்.

“ஷிப் யாருக்காகவும் வெயிட் பண்ணாதும்மா” என்றார். கப்பல் காத்திருக்காதாம். பூமியில் உள்ள மற்ற எல்லாம் காத்திருக்குமாம்.

ஆயுத பூஜைக்கு பெங்களூர்க் கொட்டகைகளில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். லேத்திலிருந்து ஸ்குரூ டிரைவர் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, விபூதி குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பக்தி இருக்கட்டும், எனக்குக் கவலை அந்தக் கழுவுவதில்தான். சோடா, பிளீச்சிங் பவுடர், பினாயில் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றித் தேய்ப்பார்கள். ஒரு பக்கெட் பினாயில் தொட்டிக்குள் விழுந்தால் என் எட்டு மாதமும் அதோடு போயிற்று. அதனால் ஓர் அட்டையில் தமிழிலும் கன்னடத்திலும் ‘இந்தத் தொட்டியைக் கழுவக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டினேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு நிறுத்தி வாயாலும் சொன்னேன்.

“சாமி சத்தியமா கழுவ மாட்டோம் மேடம். நீங்க பேஜாரு பண்ணிக்காம ஊருக்குப் போய்ட்டு வாங்க” என்றார்.

கழுவவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

வாணியம்பாடியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விஜயதசமியன்று சாயங்காலமே திரும்பி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேரே கொட்டகைக்குப் போனேன். கேட்டைத் திறக்கும்போதே கள்ளுக்கடை வாசனை அடித்தது. உள்ளே தொட்டிக்கு ஆளுயர மாலை போட்டிருந்தார்கள். மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். நான் எழுதிக் கட்டிய அட்டைக்கும் ஒரு பொட்டு. தொட்டியின் மேல் நுரை புளித்த மாவு மாதிரி பொங்கி வழிந்து தரையெல்லாம் ஒட்டிக் கிடந்தது. நுரையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பொரி.

மேஸ்திரி வாசலில் வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, இதுல என்ன பண்ணீங்க?”

“கழுவல மேடம். போர்டுதான் இருக்கே.”

“என்ன போட்டீங்கன்னு கேக்கறேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பிரசாதம் மேடம். மத்த மிஷினுக்கெல்லாம் முன்னாடி வெச்சிப் படைச்சோம், அதுங்களுக்கு வாய் இல்ல. இதுக்குத்தான வாய் இருக்கு? அதான் உள்ளவே போட்டோம். பொரி, கடலை, வாழப்பழம். அப்பறம் வெல்லம். வெல்லம் மட்டும் ஸ்வல்ப ஜாஸ்தி, அஞ்சாறு உருண்டை, பெரிய உருண்டைங்க. கரைச்சித்தான் ஊத்துனோம் மேடம், அதுங்களுக்குப் பல்லு இருக்கோ இல்லியோன்னு.”

நுரையிலிருந்து ஒரு பொரியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவர் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு மேலே பேசினார். “நாளும் கெழமையுமா நாம எல்லாம் இனிப்பு துன்னுட்டு, அதுங்கள மட்டும் டீசலத் துன்னுன்னு வுடறது பாவம் இல்லியா மேடம்?”

வெல்லம் கிடைக்கும்போது எந்த உயிர் டீசலைத் தொடும்? பாக்டீரியாவும் நம்மைப்போலத்தான், சுலபமான தீனியை முதலில் முடிக்கும். எண்ணெயைத் திரும்பிப் பார்க்காது. அது மட்டுமா? வெல்லத்தைத் தின்கிற வேகத்தில் தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் இழுத்துத் தீர்த்துவிடும். அப்புறம் மூச்சுக்குக் காற்றில்லாமல் எல்லாம் புளித்து நாறும். இதையெல்லாம் நான் அங்கேயே நின்று கத்தினேன். தமிழில் கத்தினேன், போதாமல் எனக்குத் தெரிந்த கன்னடத்திலும் கத்தினேன். கழுவாதே என்று எழுதினால் விருந்து வைக்கச் சொன்னதாக அர்த்தமா? ‘இயந்திரத்துக்குச் சோறு ஊட்டாதீர்கள்’ என்று உலகத்தில் எந்தத் தொழிற்சாலையிலாவது போர்டு உண்டா? கெடுக்க வேண்டுமென்று கெடுத்தவனைத் திட்டலாம், தலை குனிவான். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பவரைத் திட்டுவதுபோல் வெறுத்துப்போகும் வேலை வேறு கிடையாது. நான் நன்றி சொல்ல மறந்துவிட்டதுபோல் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளிக்கு போன் செய்தேன். “சார், ரெண்டு மூணு நாள் டைம் வாங்குங்க. பட்டினி போட்டு நல்லா காத்து குடுத்தா திரும்ப எண்ணெய்க்கு வந்துடும்.”

“அவர் ட்ரெயின் ஏறிட்டாரும்மா” என்றார்.

மாவுச் சல்லடையால் பொரியை அரித்து எடுத்தோம். நுரையை மொண்டு ஊற்றினோம். பக்கத்துக் கொட்டகையிலிருந்து இன்னொரு புளோயரைக் கடன் வாங்கி வைத்தோம். மேஸ்திரிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். நான் கத்தியது அவருக்கு உறைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ பலகாரம் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்த மாதிரிதான் அவர் அதைப் பார்த்தார். “சரியாய்டும் மேடம்” என்று என்னைத் தேற்ற வேறு செய்தார்.

மறுநாள் காலை சூப்பரின்டெண்டென்ட் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், தொட்டியின் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு வெளியேறும் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் மோர்போல இருந்தது. மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். எண்ணெய் அளக்கும் மீட்டரின் முள் கடைசிவரை போய் இடித்துக்கொண்டு நின்றது. டம்ளரில் நடுநாயகமாக ஒரு பொரி மிதந்தது.

“இது என்ன?” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சமாளித்திருப்பார்கள். எங்கள் முதலாளி நடந்ததை நடந்தபடி சொன்னார். கேட்டதும் சூப்பரின்டெண்டென்ட் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இவ்வளவு சிரிப்பவர் இன்னொரு தேதி கொடுக்காமலா போவார் என்று எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. ஆபீஸ் அறையில் டீ குடித்து முடித்த பிறகு சொன்னார்.

“சார், உங்க டேங்க் வேலை செய்யும். மேடம் சொல்ற மாதிரி ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும், ஒத்துக்கறேன். ஆனா கப்பல்ல இருக்கறவங்க மாசக்கணக்கா தண்ணி நடுவுல இருப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா? ஒரு தொட்டியில உயிர் இருக்குன்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? உங்க ஆளு பண்டிகைக்கு ஒரு தரம் போட்டாரு. எங்க குக் தெனம் போடுவான். எனக்கு யாரும் பாவம் பாக்காத மிஷின் வேணும் சார்.”

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். முதலாளி வேண்டாம் என்று தலையை அசைத்தார். கப்பலில் இருந்தவர் அல்லவா, அவருக்குத் தெரிந்திருந்தது. ஜீவனஹள்ளிக்கு எந்த முகத்தோடு போவது என்று யோசித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சூப்பரின்டெண்டென்ட் கிளம்பும்போது மேஸ்திரி ஓடிவந்து அவர் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்தார். அவரும் வாங்கிக்கொண்டு மேஸ்திரிக்குக் கை கொடுத்தார்.

“நல்ல மனுசன் மேடம். பாஸ் போட்டுடுவாரு” என்றார் மேஸ்திரி. வந்தவர் வேண்டாமென்று சொல்லிவிட்டதை அவரிடம் சொல்லாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசிக்குள் வெல்ல வாசனை போய்விட்டது. நுரை அடங்கியது. அன்று நான் குழாயைத் திறந்தபோது தண்ணீர் கண்ணாடியாக விழுந்தது. மேலே படலம் இல்லை. மீட்டரின் முள் பதினைந்துக்கு வெகு கீழே போய் அசையாமல் நின்றது. சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி பிடித்துப் பார்த்தேன். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். இதை அன்றைக்குக் காட்டியிருக்கக் கூடாதா என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்களைக்கூடத் திட்டினேன்.

டம்ளரோடு முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். “நல்லா வந்திருக்கும்மா” என்றார். பிறகு டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, “டேங்க்க இன்னிக்கு நிறுத்திடலாம். அந்த இடம் வேற வேலைக்கு வேணும்” என்றார்.

“இன்னொரு தரம் அவருக்கு போன் பண்ணிக் கேளுங்க சார். இந்தத் தண்ணியப் பாத்தா மனசு மாறுவாரு.”

“தெனம் பண்ணிட்டுத்தாம்மா இருக்கேன்” என்றார். “இன்னிக்குக் காலையிலயும் பண்ணேன்.”

வெளியே வந்தேன். தொட்டிப் பக்கத்தில் மேஸ்திரி குனிந்து, குழாயில் விழும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாருங்க மேடம், பன்னீர் மாதிரி வருது. கப்பல்காரங்க எப்ப வர்றாங்க?” என்றார்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். யாரும் வரப்போவதில்லை, இந்தத் தொட்டி எந்தக் கப்பலிலும் ஏறப்போவதில்லை, உங்கள் வெல்லமும் உங்கள் ‘பாவமும்’தான் காரணம், இன்றோடு இதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றேன். குரல் உடைந்துவிட்டது, அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைக்கக்கூட மறந்து நின்றார். நான் புளோயர் ஸ்விட்ச் இருந்த பக்கம் நடந்தேன்.

“மேடம்” என்றார் பின்னாலிருந்து. “இப்பதான மேடம் சாப்ட ஆரம்பிச்சிருக்குதுங்க.”

திரும்பி அவரைத் திட்ட நினைத்தேன். ஸ்விட்சை நான்தான் அணைத்தேன்.